மறைக்க ஒன்றுமில்லாத படகுகள்

1983ல் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டிக்கு வந்த ‘ஆஸ்திரேலியா 2’ படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போதெல்லாம் அதன் அடிப்பகுதியைத் துணியால் சுற்றி மறைத்துவிடுவார்கள். அடியில் இறங்கியிருக்கும் கீலில் இறக்கை போன்ற அமைப்பு இருந்தது. எதிரணி அதைப் பார்த்துவிடக் கூடாது. 132 ஆண்டுகளாக நியூயார்க் படகு மன்றத்தை விட்டு நகராத கிண்ணம் அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

அந்தக் கிண்ணத்திலேயே ஊறியவர்கள் இருவர், ஆரக்கிள் நிறுவனர்களில் ஒருவரான லேரி எலிசனும் ரசல் கூட்ஸும், நேரெதிராக ஒன்றைச் செய்தார்கள். 2019ல் முதல் பருவம் கண்ட அவர்களின் செயில்ஜிபி தொடர், 2023 ஜனவரியில் நம் ஈஸ்ட் கோஸ்ட் கடலுக்கும் வந்தது. எல்லா அணிக்கும் ஒரே வடிவ எஃப்50 படகு. வேகம் 50 நாட்டைத் தாண்டும். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். படகு முழுக்க உணர்கருவிகள். சுக்கான் எவ்வளவு திரும்பியது, படகு தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் பறந்தது, எல்லாம் உடனுக்குடன் பதிவாகும். எந்த அணியும் எந்த அணியின் தரவையும் திறந்து பார்க்கலாம்.

வியாபாரம் செய்பவர்கள் இதைப் படித்துத் தலையில் கைவைப்பார்கள்.

ஆனால் முதல் மூன்று பருவங்களையும் ஆஸ்திரேலியாவே வென்றது. டாம் ஸ்லிங்ஸ்பி என்ன செய்கிறார் என்பது எல்லார் திரையிலும் இருந்தும் அப்படி. நான்காவது பருவத்தில், 2024 ஜூலையில், முந்தைய பருவத்தின் இறுதி ஓட்டத்துக்கே தகுதிபெறாத ஸ்பெயின் பட்டத்தைத் தட்டிச் சென்றது. தரவுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருபவர் பல ஆண்டுகள் இருட்டில் துழாவ வேண்டியதில்லை, அவ்வளவுதான். மற்றதை அவர்களேதான் பழக வேண்டும்.

பெரிய படகுகளை விடுங்கள். நம் பிள்ளைகள் ஓட்டும் சின்னப் படகுக்கு உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் கருவி போதும். அதில் என்ன தெரியும்? பாய்மரப் படகு காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். ஒரு படகு காற்றுக்கு 45 டிகிரியில் 6 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். இன்னொன்று 52 டிகிரியில் 6.5 நாட். இரண்டாவதுதான் வேகம். ஆனால் காற்றை நோக்கி முன்னேறும் அளவைக் கணக்கிட்டால் முதல் படகுக்கு 4.24, இரண்டாவதுக்கு 4.0. வேகமாகப் போகிறவர் பின்தங்குகிறார்! இதை விஎம்ஜி என்பார்கள். படகில் இருப்பவருக்குத் தண்ணீர் சீறுவதுதான் கேட்கும். நன்றாகப் போகிறோம் என்றே நினைப்பார். கரைக்கு வந்து திரையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இருவர் ஓட்டும் படகில் சிக்கல் வேறு மாதிரி. திருப்பம் நான்கு விநாடி தாமதம் என்று கோடு காட்டும். சுக்கான் பிடித்தவர் தாமதித்தாரா, பாய்க்கயிற்றை இழுத்தவரா என்று அது சொல்லாது. அந்தக் கோட்டை ஒருவரிடம் மட்டும் காட்டினால், மற்றவர்மீது பழி விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. அதனால் நல்ல பயிற்றுவிப்பாளர் திரையை முதலில் திறப்பதில்லை. “அந்தத் திருப்பத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று இருவரையும் கேட்டுவிட்டு, பிறகு இருவருக்கும் ஒன்றாகக் காட்டுவார். ஒருவர் காற்று மாறியது என்பார், மற்றவர் அலை என்பார். பெரும்பாலும் பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும், பாடமும் அங்கேதான்.

பயிற்சி முடிந்ததும் இந்த எண்களைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்வு மதிப்பெண்ணையே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் நாம், விஎம்ஜியை விட்டுவைப்போமா? செயில்ஜிபி அணிகள் எதிரணிக்குத் தரவைக் கொடுப்பது, அதை வைத்துப் படகு ஓட்டப் போகிறவர்களுக்குத்தான். நாம் கரையில் தண்ணீர்ப் புட்டியோடு நிற்கிறவர்கள். படகில் இருந்தவர்கள் பயிற்றுவிப்பாளருடன் பேசி முடித்த பிறகு, பிள்ளையே கைப்பேசியை நீட்டி “இதைப் பாருங்கப்பா” என்றால், தாராளமாகப் பாருங்கள்.