நாய்க்கு ஒரு குளம் வெட்டுங்கள்!

சித்திரை வெயிலில் உங்கள் வீட்டு நாய் என்ன செய்கிறது? கவனித்திருக்கிறீர்களா?

குழாயடிக்குப் போகும். துவைக்கிற கல்லின் ஓரம் போகும். எங்கே கொஞ்சம் ஈரம் இருக்கிறதோ, அங்கே மண்ணைப் பறிக்கும். பறித்த குழியில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். "தோட்டத்தைப் பாழாக்குகிறதே!" என்று நாம் கம்பை எடுக்கிறோம்.

பாவம், அது பாழாக்கவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே வெட்டிக்கொள்கிறது. அந்தக் குழியை நாமே ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தால் என்ன? கொல்லையில் இடம் உள்ளவர்கள் கட்டிக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

வியர்க்காத உடம்பு

வெயிலில் நமக்கு வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். அது 106-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தகரக் கொட்டகையின் கீழ் சங்கிலியில் கட்டிய நாய்க்கு, மே மாதப் பகலில் அந்தச் சூடு ஏற அதிக நேரம் பிடிக்காது. எச்சில் வடித்து, தள்ளாடி விழும். அப்போது நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். விசிறுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் குளம். நீந்துகிற அளவு பெரிய குளம் வேண்டியதில்லை. நான்கு பாதமும் அடிவயிறும் நனைந்தால் போதும். அந்த இடங்களில் மயிர் குறைவு. ஆகவே குளிர்ச்சி சீக்கிரம் ஏறும்.

"நாய்க்கா சார்?"

கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள். "நாய்க்கா சார்?" என்று ஒரு தரம் கேட்பார். சிரிப்பார். பிறகு, நாலு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, அழகாக ஒரு தொட்டி கட்டிவிடுவார். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

செங்குத்தான தொட்டியில் நாய் சுலபமாக இறங்கிவிடும். ஏறத்தான் முடியாது. கிணற்றிலும் மூடாத தரைத்தொட்டியிலும் விழுந்த நாய் ஏன் சாகிறது? நீந்தத் தெரியாமல் அல்ல. நீந்தி நீந்திக் களைத்து, கால் வைக்க இடம் கிடைக்காமல் சாகிறது. ஆகவே, குளத்தின் ஆழத்தை அப்புறம் யோசியுங்கள். வெளியே வரும் வழியை முதலில் தீர்மானியுங்கள்.

சரிவுதான் அந்த வழி. ஓர் அடி ஆழத்துக்கு மூன்று அடி நீளம் சரிவு வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். நீளம் 6 அடி. அகலம் 4 அடி. ஒரு முனையில் தரை மட்டத்தில் தொடங்கி, நாலரை அடி தூரம் சரிந்துகொண்டே போய், ஒன்றரை அடி ஆழத்தில் முடிய வேண்டும். மிச்சம் ஒன்றரை அடி சமதரை. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 640 லிட்டர் பிடிக்கும். நடுத்தர நாய் ஒன்றுக்கு இது தாராளம்.

சரிவை வழவழப்பாகப் பூசக் கூடாது. பளபளக்கும் ஓடும் பதிக்கக் கூடாது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். நகம் பிடிக்கும். கிழட்டு நாயும் வழுக்காமல் ஏறிவரும். செலவு குறையும் என்று சிலர் பள்ளம் தோண்டி பிளாஸ்டிக் விரிப்பைப் போடுகிறார்கள். மீன் வளர்க்க அது சரி. நாய் நகம் நாலு நாளில் அதைக் கிழித்துவிடும்.

அடியில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று வைத்து, மூடி போடுங்கள். அது தோட்டத்துப் பாத்தியில் போய் விழ வேண்டும். மோட்டார், நீரூற்று, வண்ண விளக்கு எதுவும் வேண்டாம். நாய் வாயை வைக்காத ஒயர் உண்டா? தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலே வேப்பமர நிழல் இருந்தால் யோகம். இல்லாவிட்டால் நாலு கால் நட்டு, தென்னங்கீற்று வேயுங்கள். நிழல் இல்லாத குளம் மத்தியானத்தில் வெந்நீர் அண்டாதான். பக்கத்தில் அரளியை மட்டும் வைக்காதீர்கள். அதன் இலையும் பூவும் நாய்க்கு விஷம்.

மாடியில் கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். 640 லிட்டர் தண்ணீர் என்றால் 640 கிலோ பாரம். வேண்டாம்!

மனிதனுக்கே தண்ணீர் இல்லையே?

இது நியாயமான கேள்வி. 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்துடன் லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி வருஷத்தில் குளத்தைக் காலியாக வைத்து, நாய்க்கு ஈரச் சாக்கு விரிப்பதுதான் முறை.

ஆனால் மற்ற நாளில்? நீங்கள் தென்னைக்கும் வாழைக்கும் தண்ணீர் விடத்தானே போகிறீர்கள்? அந்தத் தண்ணீர் குளத்தில் தங்கி, அப்புறம் பாத்திக்குப் போகட்டும். நான்கு நாளுக்கு ஒரு தரம் 640 லிட்டரைத் திறந்துவிட்டால், நாளுக்கு 160 லிட்டர் ஆகிறது. கோடையில் ஒரு தென்னைக்கு நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்தாலும், நான்கு மரத்துக்கு ஆயிற்று. வேறு தண்ணீர் வேண்டாம்.

சோப்புப் போட்டோ, உண்ணி மருந்து தடவியோ குளத்தில் இறக்கக் கூடாது. அதெல்லாம் குழாயடியோடு சரி.

நான்கு நாள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்கச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதற்கு முன் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். அது மட்டும் போதாது. அந்த முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். எலி நடமாடும் கொல்லையானால் இன்னும் ஜாக்கிரதை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் மனிதருக்கும் எலிக்காய்ச்சல் வரும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டுவிடுங்கள்.

யார் கட்டக் கூடாது?

வீட்டில் தவழும் குழந்தையோ, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ இருந்தால், குளமே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒரு சாண் தண்ணீர் போதும், ஒரு குழந்தையின் உயிர் போக. சத்தம்கூட வராது. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நிரப்புங்கள். எழுந்து போகும்போது கவிழ்த்துவிட்டுப் போங்கள். பிள்ளை வளரட்டும், அப்புறம் குளம் வெட்டலாம்.

பக் நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-ல் வந்த ஒரு செல்போன் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அநேகம். சப்பை மூக்கு நாய்க்கு வெயிலும் ஆகாது, ஆழமும் ஆகாது. அதற்கு அரை அடித் தண்ணீர் போதும்.

லாப்ரடார் வேறு ரகம். அதன் முன்னோர் கனடாவில் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு கடலில் இறங்கி உழைத்தவர்கள். விரல்களுக்கு இடையில் சவ்வுகூட உண்டு. குளத்தைக் கண்டதும் குதிக்கும். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையமோ, வீட்டோடு இருக்கும் நாட்டு நாயோ அப்படிக் குதிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் மோந்து பார்க்கும். ஒரு காலை வைக்கும், எடுக்கும். தூக்கிப் போடாதீர்கள்! ஒரு தரம் பயந்தால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. சரிவில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குளித்து வந்ததும் காதை மட்டும் துடைத்துவிடுங்கள். தொங்கு காதில் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும்.

வேலையை மாசி மாதத்திலேயே தொடங்குங்கள். சிமெண்டுப் பூச்சைப் பத்து நாள் நனைக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம், நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் நாயின் தோலை அரிக்கும். இதையெல்லாம் பங்குனிக்குள் முடித்தால்தான் கத்தரி வெயிலுக்கு முன் நாய் இறங்க முடியும்.