வால்யூமைக் கூட்டினால் போதுமா?



மீனவர்களுக்காகவே 2016-இல் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம். சமுதாய வானொலி தொடங்கினாங்க. நல்ல காரியம். ஆனா எந்த எஃப்.எம். ஆனாலும் கரையை விட்டுத் தூரம் போகப் போக 'உஸ்'ஸுன்னு இரைச்சல்தான். எங்க அப்பா வள்ளத்துல எல்லாரும் உடனே வால்யூமைத் திருகுவாங்களாம். பேச்சோடு இரைச்சலும் சேர்ந்துதானே கூடும்? காத்து எச்சரிக்கை காதுல விழணும்னா, இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை டெசிபல் மேலே இருக்கு என்பதுதான் முக்கியம்.

பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். நான்கு மடங்கானால் 6. தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானாலே அந்த 6 டெசிபலும் போச்சு! ரேடியோவுக்குள் பிறக்கிற இரைச்சல் மட்டும் குறையாது. வெப்பம் இருக்கிறவரை எலக்ட்ரான்கள் சும்மா இருக்காதாம்.

சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் வரைதான் அனுமதி. ஊருக்கு அது போதும், கடலுக்குப் போதுமா? கடலோர நிலையங்களுக்கு 400 வாட் கொடுக்கணும் என்பது என் கருத்து. "பூமி வளைஞ்சிருக்கே, கோபுரமும் உயரணுமே" என்கிறார் அறிவியல் சார். சரி, அதையும் சேர்த்தே கேட்போம்.

அதுவரைக்கும் வள்ளத்துல ரேடியோ பக்கத்தில் செல்போன் சார்ஜரை வைக்க வேண்டாம்னு உங்க அப்பா, அண்ணன்கிட்ட சொல்லுங்க. அதுவும் இரைச்சல் போடும்.