மழை பெய்தால் நிற்கும் ஆட்டம்

இந்த வாரம் ஐப்பசியின் துலாமழை நாள் தவறாமல் வந்தது. திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு அதன் போக்கு தெரியும். மதியம் வரை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டும். நான்கு மணிக்கு இடியோடு இறங்கி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகுதான் கரமனையில் என் மாலை நடை. போகிற வழியில் ஒரு சிமென்ட் கூடைப்பந்து கோர்ட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே நான்கு பையன்கள் வாரியலோடு நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் தள்ளிய தண்ணீர் இன்னொரு பள்ளத்தில் போய்த் தேங்கியது. அதையும் தள்ளினார்கள். அரை மணி நேரம் இதே வேலை. பந்து ஒரு பையனின் அம்மா வைத்திருந்த துணிப்பையில் நனையாமல் இருந்தது.

கல்படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இளவயதில் கூடைப்பந்து ஆடியதற்காகவே அரசு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலது கால்முட்டு மடங்காது.

"தட்டினா எழும்பணும் தம்பி. எழும்பாத பந்தை வச்சு என்ன ஆட்டம்? மழை பெஞ்சா எங்களுக்கெல்லாம் லீவுதான். ஒரு வருசத்துல பாதி நாள் லீவு" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை எனக்கு வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் இந்த ஆட்டம் பிறந்ததே வெளியே போக முடியாத நாட்களுக்காகத்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் அடைந்து கிடந்த மாணவர்களுக்குக் கூரைக்குக் கீழே ஆடக்கூடிய ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகளை அடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பத்தடி என்ற அந்த உயரம் இன்றும் மாறவில்லை. கூரை இல்லாமல் இந்த ஆட்டம் என்ன ஆகும் என்பதை 1936இல் பெர்லினில் உலகமே பார்த்தது. ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்கான போட்டியாக வந்த வருடம் அது. திறந்தவெளியில் மண்தரையில் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தன்று மழை. பந்து சேற்றில் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. ஒரு ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் மொத்தப் புள்ளிகளே 27தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் அந்த ஒலிம்பிக்கைக் காணப் போயிருந்தார்.

நம் நாட்டுக்கும் இது ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பின்னர் நந்தனத்தில் நிலைத்தது. அங்கே படித்து வெளியே போன உடற்கல்வி ஆசிரியர்கள் தென்னாடெங்கும் பள்ளி மைதானங்களில் இரண்டு கம்பம் நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டினார்கள். இங்கே பனி இல்லை. எனவே கூரை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டடத்துக்குப் பணமும் இல்லை. முதலில் மண், பிறகு சிமென்ட். 1934இல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி, 1950இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. உள்ளரங்குக்காகப் பிறந்த ஆட்டம் நம்மிடம் வானத்துக்குக் கீழே வளர்ந்தது. இந்திய ஆண்கள் அணியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

சிமென்ட் என்ன கற்றுக்கொடுக்கும், என்ன கற்றுக்கொடுக்காது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் ஷூட்டிங் பற்றி ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. காற்றையும் வெயிலையும் சமாளித்து வளையத்துக்குள் போடப் பழகியவனுக்கு உள்ளே போடுவது எளிது என்றார். பிறகு கால்முட்டைத் தட்டிக் காட்டினார். "டிஃபென்ஸ்தான் வராது. எதிராளி முன்னால குனிஞ்சு, காலை அகட்டி, சறுக்கிச் சறுக்கி ஓடணும். பந்து உருண்டா விழுந்து பிடிக்கணும். சிமென்டுல எவன் விழுவான்? வீட்டுல அம்மா வைவா. மறுநாள் வேலைக்குப் போகணும்." மரத்தளம் உடம்பை வாங்கிக்கொள்ளும், சிமென்ட் திருப்பி அடிக்கும். பத்து வயதிலிருந்து விழக்கூடாது என்று உடம்புக்குச் சொல்லி வைத்தவன், இருபத்தைந்து வயதில் தேசிய அணியில் சேர்ந்த பிறகு மட்டும் எப்படி விழுவான்?

இந்தக் கண்ணோடு பழைய கணக்குகளைப் பார்க்கிறேன். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஈரானுக்கு அடுத்து நான்காம் இடம். ஆசியக் கோப்பைக்கான போட்டியில் 1965இல் கோலாலம்பூரில் முதல் பங்கேற்பு. 1975இல் பாங்காக்கில் சீனா, ஜப்பான், தென்கொரியாவுக்குப் பின்னால் நான்காவது. ஆசியக் கோப்பையில் அதுவே இன்றுவரை நம் உச்சம். உலகக் கோப்பையில் இந்தியா ஒருமுறைகூட ஆடியதில்லை.

ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒருமுறை, 1980 மாஸ்கோவில். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அமெரிக்காவும் பல நாடுகளும் வரவில்லை. ஆசியாவில் நமக்கு மேலே இருந்தவர்களும் வரவில்லை. அந்தக் காலி இடத்தில் இந்தியா போயிற்று. எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாகத் திரும்பியது. அதே ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. நாட்டின் கண் முழுவதும் அங்கேதான் இருந்தது. கூடைப்பந்துக்காரர்கள் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சோவியத் யூனியனோடு நடந்த ஆட்டத்தின் முடிவு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரே வரியில் வந்ததாம். சோவியத் 121, இந்தியா 65. ஆபீஸ் மேசை டிராயரில் அந்தத் துண்டை வெகுநாள் வைத்திருந்தாராம். "எல்லாரும் 121ஐப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் 65ஐப் பார்த்தேன். அந்த ஆளுங்களுக்கு எதிரா 65 போடுறதுன்னா சும்மாவா?" என்றபோது அவர் குரல் உயர்ந்தது. எனக்கும் அது சும்மா அல்ல என்றே படுகிறது. உலகில் அன்று மிகப் பெரிய அணிகளில் ஒன்று, அதன் சொந்த ஊர், சொந்த ரசிகர்கள். இந்திய அணியின் அஜ்மீர் சிங்கும் அவரது தோழர்களும் வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிராளியை நிறுத்தத்தான் முடியவில்லை. காற்றிலும் வெயிலிலும் பழகிய கை மாஸ்கோவில் வேலை செய்தது. விழப் பழகாத கால் கைவிட்டது.

அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரயில்வே, ராணுவம், பஞ்சாப் போலீஸ், சென்னையில் ஐ.சி.எஃப்., வங்கிகள், இங்கே கேரள மின்வாரியம், கேரளப் போலீஸ் என்று வேலை கொடுத்த நிறுவனங்கள்தான் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தன. அதற்காக அவற்றுக்கு நான் நன்றி சொல்வேன். ஏழை வீட்டில் ஆறடி நான்கங்குலம் வளர்ந்துவிட்ட பையனுக்கு இந்த ஆட்டம் ஒரு சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுத்தது. அண்ணாச்சியின் வீடும் மகள்களின் படிப்பும் அதில் வந்தவைதான். ஆனால் இருபத்தொரு வயதில் வேலை கிடைத்தவுடன் ஆட்டம் அதன் பயனைக் கொடுத்து முடித்துவிடுகிறது. மேலே போக வேண்டும் என்ற தேவையை அந்தப் பையனுக்கு யார் கொடுப்பது? தேசிய முகாம் சில வாரம் நடக்கும். ஒரு போட்டி முடிந்ததும் அவரவர் துறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

2011இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா 14ஆம் இடம். மூன்று வருடம் கழித்து அதே வூஹானுக்கு ஒரு இந்திய அணி திரும்பிப் போனது. விசேஷ் பிருகுவன்ஷி, அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங், தமிழ்நாட்டிலிருந்து அகிலன் பாரி. பயிற்சியாளர் ஸ்காட் ஃபிளெமிங் என்ற அமெரிக்கர். 2014 ஜூலை 12ஆம் தேதி, சீன ரசிகர்கள் நிறைந்த அரங்கில், சீனாவை இந்தியா வென்றது. 65க்கு 58.

சீனா அன்று முழு பலத்தோடு வரவில்லை, இளம் வீரர்களைத்தான் இறக்கியது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அதுவரை பெரிய போட்டியில் சீனாவை நாம் வென்றதே இல்லை. என் மனம் நிற்கும் இடம் வேறு. மாஸ்கோவில் தோற்றபோதும் 65. வூஹானில் வென்றபோதும் 65. முப்பத்துநான்கு வருடத்தில் நாம் போட்ட புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை. மாறியது எதிராளியின் கணக்கு. 121 விட்டுக்கொடுத்தவர்கள் 58ஓடு நிறுத்தினார்கள். இரண்டு அணிகளும் வேறு, காலமும் வேறு, ஆட்டத்தின் வேகமும் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணாச்சியிடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு, "கால் வந்துட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வூஹானில் வென்ற பையன்களில் பலர் உள்ளரங்கில் வளர்ந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை. லூதியானா அகாடமியில் எஸ். சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர் பஞ்சாப் கிராமத்துப் பையன்களைத் தேடிப் பிடித்துக் கூரைக்குக் கீழே மரத்தளத்தில் வளர்த்தார். அங்கே பழகிய சத்னாம் சிங்தான் 2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணிக்கு 52ஆவதாகத் தேர்வாகி, என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். 2016இல் தெஹ்ரானில் பிலிப்பைன்ஸையும், மறுபடி சீனாவையும் இந்தியா வென்றது.

ஏறிய இடத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையின் கடைசி இடம், பதினாறு. 2024 நவம்பரில் ஃபிளெமிங் மறுபடி பொறுப்பில் இருக்க, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கஜகஸ்தானை வென்றோம். 2025 ஆகஸ்டில் ஜெட்டாவில் தமிழ்நாட்டு முயின் பெக் ஹஃபீஸ் தலைமையில், கேரளத்துப் பிரணவ் பிரின்ஸும் இருந்த அணி, பலம் மிக்க ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 84-91 என்று தோற்றது. அந்த ஆட்டத்தை நான் கைபேசியில் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் கால்கள் தளர்ந்தன. இப்படிப்பட்ட ஆட்டங்கள் வருடத்துக்குப் பத்து கிடைத்தால் அந்தத் தளர்ச்சி குறையும் என்று நம்புகிறேன். நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

இந்த ஊரில் கூடைப்பந்து என்றால் பெண்கள் என்பதையும் எழுதாமல் விட முடியாது. கேரள மின்வாரியப் பெண்கள் அணியைப் பற்றித் தேநீர்க் கடையில்கூடப் பேசுவார்கள். கோட்டயத்துக் கீது அன்னா ஜோஸ் 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீகின் தேர்வுமுகாம்களுக்கே போய்வந்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் ரயில்வேயை வென்று கோப்பையோடு வந்தார்கள். ஆண்களுக்கு இங்கே வாலிபால் முதலில். நகரின் பெரிய உள்ளரங்கமே வெள்ளையம்பலத்தில் வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜின் பெயரில்தான் நிற்கிறது. அந்த மரியாதை அவருக்கு முழுக்க உரியது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கரமனை கோர்ட் போன்ற இடங்களுக்கு மேலே ஒரு தகரக் கூரையாவது வேண்டும். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் துலாமழையும் சேர்ந்து வருடத்தில் எத்தனை மாலைகளைத் தின்கின்றன என்பதை இந்த ஊர்க்காரர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பையன் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை இழக்கும் மாலைகள் அவை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். பையன்கள் அரைக் கோர்ட்டைக் காயவைத்துவிட்டு ஒரே வளையத்தில் இரண்டுக்கு இரண்டு ஆடத் தொடங்கினார்கள். இருட்டும் நேரம். பந்து ஒருவன் கையிலிருந்து வழுக்கி, காயாத பக்கமாக உருண்டது. நால்வரில் சின்னவன், பன்னிரண்டு வயது இருக்கலாம், அப்படியே பாய்ந்து விழுந்து அதைப் பிடித்தான். முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது.

அண்ணாச்சி எழுந்தார். அந்தக் காலோடு இத்தனை வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பையனின் முழங்கையைக் கழுவினார், மேல்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். பையன் பந்தை மற்ற கையில் இறுகப் பிடித்தபடியே நின்றான்.

"வலிக்குதா மக்களே?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு அவன் கோர்ட்டுக்குள் ஓடினான். மறுபடி தூறல் விழத் தொடங்கியது.