தாயின் பக்கத்தில் ஒரு கூடை

பிறந்த குழந்தையை எங்கே, எப்படி உறங்க வைப்பது என்ற கேள்விக்கு, ஒவ்வொரு தாயும் தன் பாட்டியிடமிருந்து பெற்ற விடை ஒன்றை வைத்திருக்கிறாள். அந்த விடையில் அபாயம் உண்டென்று வைத்தியர் கண்டால், அதை அவளிடம் எவ்விதம் சொல்வது என்பதே நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே தாயும் சிசுவும் ஒரே படுக்கையில் உறங்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். நித்திரையிலேயே குழந்தை இறந்துபோகும் துயரம் அந்நாட்டின் ஏனைய மக்களைக் காட்டிலும் அவர்களிடையே மிகுந்திருந்தது. கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடித்திருந்தால், சேர்ந்து படுப்பதில் ஆபத்து பெருகுகிறதென்றும் தெரியவந்தது. 'பிள்ளையைப் பிரித்துக் கிடத்து' என்று உபதேசம் செய்யப்பட்டது. பிரிக்க மனம் ஒப்பாத தாய்மார்கள் அதைச் செவியில் ஏற்கவில்லை.

அப்போதுதான், 2006-ஆம் ஆண்டில், டேவிட் டிப்பேனே-லீச் என்ற மாவோரி வைத்தியரும் கூடை பின்னும் பெண்களும் சேர்ந்து 'வஹாகுரா'வை உருவாக்கினார்கள். ஹரகேகே என்னும் செடியின் நீண்ட இலைகளைக் கிழித்துப் பின்னிய, தட்டையான அடியும் தாழ்ந்த விளிம்பும் கொண்ட சிறு கூடை அது. பெற்றோரின் படுக்கையிலேயே அதை வைத்துக்கொள்ளலாம். தாய் கையை நீட்டினால் பிள்ளை தட்டுப்படும். ஆனால் அவளுடைய தலையணையும் போர்வையும் பிள்ளையின் முகத்தை அண்டாமல் அந்த விளிம்பு காத்து நிற்கும். கர்ப்பிணிகளே கூடியமர்ந்து கூடை பின்னுகையில், மல்லாக்கக் கிடத்த வேண்டும், புகையை விட வேண்டும், தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்ற போதனைகளும் பேச்சோடு பேச்சாக அவர்கள் மனத்தில் பதிந்தன. 200 தாய்மார்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், தனித் தொட்டிலைவிடக் கூடையில் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. ஆறாம் மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர்களோ, கூடை பெற்றவர்களிடையே ஏறக்குறைய இருமடங்காக இருந்தார்கள்.

பழக்கத்தைப் பழிக்காமல், கைக்கு உதவும் பொருளோடு புத்தியையும் சேர்த்துத் தரும் இத்தகைய விவேகத்தையே பின்லாந்து சர்க்காரும் காட்டியது. 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிகள் வழங்கிய அந்தத் தேசம், 1949-இல் அந்த உதவியை எல்லாத் தாய்மார்களுக்கும் விரித்தபோது, நான்கு மாதம் நிறைவதற்குள் வைத்தியரிடமோ கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையத்திலோ கர்ப்பிணி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. துணிகள் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் மெத்தையை விரித்தால், அதுவே பல குழந்தைகளுக்கு முதற் படுக்கையாயிற்று.

நம் வீடுகளில் உத்தரத்திலும், வயற்காட்டில் மரக்கிளையிலும், அம்மாவின் பழம்புடவையால் கட்டுகிற தூளிக்கு இந்த விவேகம் இன்னும் வந்து சேரவில்லை. தூளியின் குழிவில் பச்சிளம் சிசுவின் மோவாய் மார்போடு மடிந்து மூச்சு தடைப்படக்கூடும். தவழ்ந்து நடந்து வளர்ந்த பிள்ளைகள் அதைச் சுழற்றி விளையாடுகையில் கழுத்து இறுகி மாண்ட செய்திகளையோ நாம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வாசித்துக் கண்ணீர் விடுகிறோம். அதற்காகத் தூளியை அறியாமையின் சின்னமென்று பழிப்பது, கூலிவேலைக்குச் செல்லும் ஒரு தாய், மண்ணுக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் தன் குழந்தைக்குத் தேடிக்கொண்ட பாதுகாப்பையே பழிப்பதாகும். அவ்விதம் பழிப்பவரின் வார்த்தை எந்த வீட்டிலும் எடுபடாது.

நம் நெசவாளரும் தச்சரும் குழந்தை வைத்தியரும் ஒருங்கே அமர்ந்து, தட்டையான, உறுதியான அடியுள்ள தொட்டில் ஒன்றை எளியோரும் வாங்கத்தக்க விலையில் ஆக்கித் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரையில், அங்கன்வாடிகளின் வழியே நடைபெறும் சமுதாய வளைகாப்பில், கர்ப்பிணிகளின் கைகளுக்கு வளையல் பூட்டுகிற அந்த மங்கல வேளையிலேயே, பச்சிளம் பிள்ளையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள், தூளியில் இட்டால் கண்பார்வையிலேயே வைத்திருங்கள், பிள்ளையை எடுத்தவுடன் தூளியை அவிழ்த்துவிடுங்கள் என்ற மூன்று வார்த்தைகளைச் செவிலியர் அன்போடு சொல்லட்டும். சந்தனம் பூசிய கையோடு வீடு திரும்பும் பெண் அவற்றை மறக்கமாட்டாள்.