ஏழு என்று யார் எண்ணியது?

நிரல் எழுதுபவர் என்றாலே புதிதாக ஏதாவது செய்தவர் என்றுதான் நினைக்கிறோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பொறுமையாகப் படித்து, ஆறு வரியை நான்கு வரியாக்கியவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. அவருக்குத்தான் முதல் மாலை போட வேண்டும் என்பது என் கட்சி.

கிட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. மென்பொருள் துறையில் இருக்கும் பேரன் பேத்திகளைக் கேட்டால் தெரியும், அது இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாள் ஓடாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கினார். சில மாதங்களிலேயே ஜூனியோ ஹமானோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பெரும்பகுதி சி மொழியில் எழுதியது. மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம்.

அதில் எழுத்துகளைப் படித்துப் பிரிக்கும் வேலை ஏராளம். உதாரணமாக, ஒரு பதிவில் ‘பேரண்ட்’ என்று தொடங்கும் வரி வந்தால், அடுத்து இருப்பது முந்தைய பதிவின் அடையாள எண். பழைய பாணி நிரல் இப்படி இருக்கும்: வரி அந்தச் சொல்லில் தொடங்குகிறதா பார், ஆம் என்றால் ஏழு எழுத்து தாண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆறு எழுத்து, பிறகு ஓர் இடைவெளி. ஆக ஏழு. எழுதியவர் விரல் விட்டு எண்ணிப் போட்டது!

மனுவில் ‘பொருள்:’ என்று போடுவோம் அல்லவா? “அந்த வார்த்தைக்கு அப்புறம் இருப்பதைப் படி” என்று குமாஸ்தாவிடம் சொல்வது ஒன்று. “முதல் நான்கு எழுத்தை விட்டுவிட்டுப் படி” என்பது வேறு. நாளை யாராவது அதை ‘பொருள் சுருக்கம்:’ என்று மாற்றினால் குமாஸ்தா சிரித்துவிட்டுச் சரியாகப் படிப்பார். கணினிக்கு அந்த விவஸ்தை கிடையாது. சி மொழியில் இன்னும் மோசம். ஏழுக்குப் பதில் எட்டு என்று இருந்தால், சொற்றொடரின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தையே தாண்டி, நினைவகத்தில் வேறு எதையோ படிக்கப் போய்விடலாம். பல சமயம் எச்சரிக்கைகூட வராது.

2014-இல் கிட்டில் இதற்கென்று உட்கார்ந்து வேலை செய்தார்கள். ‘ஸ்கிப் ப்ரிஃபிக்ஸ்’ என்ற சிறு செயல்கூற்றைத் திருத்தி எழுதினார்கள். சொல் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் அதைத் தாண்டி நிற்பது, இரண்டையும் அதுவே செய்யும். உண்டு, இல்லை என்று மட்டும் பதில் சொல்லும். சொல்லை ஒரே இடத்தில் எழுதினால் போதும். கையால் எண்ணிய எண்கள் பல இடங்களிலிருந்து மறைந்தன. பயனாளிக்குப் புதிதாக ஒரு வசதியும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்து படிக்க வருபவர் எழுத்து எண்ண வேண்டியதில்லை.

சுருக்கம் எல்லாம் எளிமை ஆகிவிடாது, இதையும் சொல்லிவிடுகிறேன். ‘எஸ்-ஸ்கேன்-எஃப்’ போட்டால் ஒரே வரியில் எண்ணைப் பிரித்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும். அந்த எண் கொள்ளளவை மீறினால் என்ன ஆகும் என்று மொழியின் இலக்கணமே கைவிரித்துவிடுகிறது. அதற்கு நாலு வரி நீளமான நிரலே மேல்.

“ஓடுகிற வண்டியை ஏன் பிரித்துப் போடுகிறாய்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். கோணலாகத் தெரியும் பழைய வரிக்குப் பின்னால் என்றோ எவரோ பட்ட அடி இருக்கலாம். அதனால்தான் ஒரு திருத்தத்தில் ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டும். ஏன் செய்தோம் என்று கூடவே எழுத வேண்டும். எளிமையாக்குவதையும் நடத்தையை மாற்றுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பினால், சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவதே முறை.

சி மொழி தெரிந்து, ஓய்வு பெற்று, பொழுது போகவில்லை என்பவர்கள் இந்தப் படலத்துக்கு வரலாம். ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து, காரணமில்லாமல் நிற்கும் 5, 7, 9 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கை வைப்பதற்கு முன், இப்போது அது என்ன விடை தருகிறது என்பதற்கு ஒரு சோதனை மட்டும் எழுதிவிடுங்கள்.