பட்டம் வாங்கியதும் வறுமை தீர்ந்துவிடுமா?

படித்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. நம் குடியிருப்புகளில் பலருக்கு இது தெரிவதே இல்லை. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் 2 முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்.

தொகை அற்பம்தான். அதைவிட விதிகள்தான் நம்மை உறுத்துகின்றன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆனைமலையிலோ அன்னூரிலோ கூலி வீட்டில் பிறந்து பட்டம் முடித்த பெண் ஐந்து வருடம் எதைத் தின்று காத்திருப்பாள்? பஞ்சாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போவாள். போனால் வேலையில் இருப்பவள், உதவி கிடையாது.

அடுத்தது வருமான வரம்பு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தோட்ட வேலையில் நாளுக்கு 400 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். தாயும் தகப்பனும் 90 நாள் வேலைக்குப் போனாலே அந்த வரம்பு நிரம்பிவிடும். அதே பெண் கல்லூரியில் படித்தபோது, ஆதிதிராவிடர் மாணவருக்கான கல்வி உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். அவள் தாய் வாங்கும் மகளிர் உரிமைத் தொகைக்கும் 2.5 லட்சம்தான். படிக்கும்போது ஏழையாக இருந்த வீடு, பட்டம் வாங்கியதும் வசதியாகிவிடுமா?

பட்டியல் வகுப்பினருக்கு உள்ள ஒரே சலுகை, வயது வரம்பு 40-க்குப் பதில் 45 என்பது. காத்திருக்க வயதைக் கூட்டியவர்கள் காத்திருப்பைக் குறைக்கவில்லை. குறைக்க முடியாததும் அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். வருமான வரம்பும் இல்லை. அது நியாயமான ஏற்பாடு. பட்டியல் வகுப்பினருக்கும் ஓராண்டுக் காத்திருப்பு, 2.5 லட்சம் வரம்பு என்று விதியை மாற்ற வேண்டும். இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும்.

விதி மாறும்வரை மாணவர்கள் சும்மா இருக்க வேண்டாம். மதிப்பெண் சான்று கைக்கு வந்ததும் இணையத்தில் பதியுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். அஞ்சல்வழியில் படிப்பவர்களும் இந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அருந்ததியராக இருந்தால் உங்கள் பதிவில் அப்படியே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 2009-இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அது தேவை.