கணக்குப் படிப்பு

இந்த வருஷத்தில் ஐம்பது புத்தகம் படித்துத் தீர்ப்பதென்று ஜனவரியில் சங்கற்பம் செய்துகொள்ளும் வாலிபர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். கணக்கு வைப்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. சோம்பலை ஓட்ட அதுவும் ஒரு உபாயந்தான். ஆனால் கணக்கே எஜமானன் ஆகிவிட்டால் என்ன நடக்கிறது? தடித்த புத்தகத்தை ஒதுக்கி மெல்லியதாகப் பொறுக்குகிறார்கள். பிடிக்காததையும் பக்கம் தள்ளி முடிக்கிறார்கள். பாகவதத்தை ஏழு நாளில் வாசித்துத் தீர்க்கும் சப்தாகத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே மோட்சக் கணக்கு, இங்கே டைரிக் கணக்கு.

இதைவிட விசனமான சங்கதி ஒன்றுண்டு. காங்கேயம் போன்ற ஊர்களில் நூலகத்திற்கு வரும் பிள்ளைகளில் அநேகர் குரூப் 4 பரீட்சைப் புத்தகங்களைத் தவிர வேறு அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை. உத்தியோகம் வேண்டியவர்கள், படிக்கட்டும். ஆனால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய கதை, சரித்திரம், பிரயாணம், விஞ்ஞானம் எல்லாம் யாருடையவை? நம்முடையவை அல்லவா?

எழுத்தே ஆகாதென்று விலக்கப்பட்ட வம்சத்தில் பிறந்து, தேங்காய்க் களத்தில் கூலி செய்யும் தாயின் மகள், ஒரு லாபமும் கருதாமல் நட்சத்திரங்களைப் பற்றியோ, துப்பறியும் கதையோ படித்து ரசிப்பது சாமான்ய விஷயமா? சுகத்திற்குப் படிப்பது உயர்ந்தோருக்கு, பிழைப்புக்குப் படிப்பது நமக்கு என்று பங்கு பிரித்தவன் யார்?

ஆகவே தோழர்களே, பரீட்சைப் புத்தகத்தை மூடியபின் அரைமணி நேரம் எந்த அலமாரியிலாவது கைவையுங்கள். முப்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூலகர் காரணம் கேட்கப் போவதில்லை.